வெற்றிலை போடாத பகல்

பசுந்தாங், ரங்கூன்
1926 மார்ச் 3

அருமை மகள் மைமூனுக்கு வாப்பாவின் ஸலாம். நீயும் உம்மாவும் சுகமாக இருக்க இரவும் பகலும் துஆ செய்கிறேன். சொல்வது நான், எழுதுவது பக்கத்து அறைப் பர்கத்துல்லா. அவன் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடாதபடி, திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விரல் ரேகை வைக்கிறேன்.

உன் நிக்காஹ் நோன்புப் பெருநாள் கழிந்து என்று எழுதியிருந்தாய். வருவேன். மாப்பிள்ளை ஜாபரைத் தொட்டிலில் பார்த்தவன் நான். அன்று அவன் உம்மா சைதா எனக்கு வட்டிலப்பம் வைத்தாள், அதில் ஏலக்காய் தூக்கல்.

உடம்புதான் தளர்ச்சி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மில் கம்பவுண்டர் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி பாய்" என்று இரும்பு மருந்து தந்தார். இருமல் நெல் தூசியால் வருவது. அது மில்லில் யாருக்கு இல்லை?

உன் வாப்பா
பீர் முகைதீன்

நாகூர்
1926 மார்ச் 22

என் அன்பு வாப்பாவுக்கு மகள் மைமூன் ஸலாம் கூறி எழுதுவது. மருந்து குடிக்கிறீர்களா? சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? முடியாதவருக்கு நோன்பு விலக்கு உண்டு, பிடிவாதம் வேண்டாம்.

நீங்கள் வருவதாக எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவரு சொன்ன கப்பலெல்லாம் வந்துச்சு, அவருதான் வரல" என்றார். இந்த ஒரு தடவை உம்மா சொன்னதைப் பொய்யாக்குங்கள். நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கும் வலீயாக உட்கார வாப்பா வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன்.

மைமூன்

ரங்கூன், ஆஸ்பத்திரி
1926 ஏப்ரல் 18

அருமை மகளே, பெருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்தது. பயப்படாமல் கேள்.

சொன்னால் திட்டுவாய், நோன்பு வைத்தேன். எப்போதும் வாயில் கிடக்கும் வெற்றிலை விடியலிலிருந்து இல்லை. அஸர் தொழுகை நேரம் இருமி, சாக்கடையில் துப்பினேன். பர்கத்துல்லா பார்த்துவிட்டு, "என்ன பாய், நோன்போட வெத்திலையா?" என்றான். எனக்குக் கோபம். இந்தா பார் என்று நாக்கை நீட்டினேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாக்கு வெள்ளைக் காகிதமா இருக்கு பாய். அப்ப அந்தச் சிவப்பு எங்கேருந்து வந்துச்சு?"

இத்தனை நாளும் வெற்றிலைச் சாறு இரண்டையும் மறைத்திருக்கிறது, வெளுத்த நாக்கையும் நெஞ்சிலிருந்து வந்த ரத்தத்தையும். மறுநாளே அவன் என்னை இங்கே இழுத்து வந்தான்.

வங்காளி டாக்டர் சளியைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். விரலில் குத்தி ஒரு துளியைக் காகிதத்தில் ஒற்றி, சிவப்புச் சாயங்கள் வரிசையாகப் பூசிய அட்டையோடு சேர்த்துப் பிடித்தார். என் துளி வெளுத்துப்போன அடி வரிசையில் நின்றது. "இது சாப்பாடு இல்லாமல் குறைந்த ரத்தமில்லை. நெஞ்சில் க்ஷயம். அது எரிகிறவரை இரும்பு மருந்து மட்டும் போதாது. நெஞ்சு ஆறினால் ரத்தம் தானே ஊறும். படுக்கை, பால், முட்டை, வெளிக்காற்று. கப்பல் கூடாது" என்றார்.

மகளே, சைதாவிடம் ரத்தம் கம்மி என்று மட்டும் சொல். அது பொய்யில்லை. க்ஷயம் என்ற சொல் நம் வாசலில் ஏறினால் சம்பந்தம் இறங்கிப் போய்விடும். என் இடத்தில் இருந்து உன்னைக் கொடுக்க உன் சின்னவாப்பாவை வக்கீலாக வைத்துக் காகிதம் அனுப்பியிருக்கிறேன். குறித்த நாளில் நடக்கட்டும்.

பீர் முகைதீன்

நாகூர்
1926 மே 2

வாப்பாவுக்கு ஸலாம். காகிதம் வந்தது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், சின்னவாப்பாவிடம் கொடுக்கவில்லை. கோபப்படுங்கள், ஆனால் படுத்துக்கொண்டே கோபப்படுங்கள்.

உம்மா தடுத்தும் சைதா மாமி வீட்டுக்குப் போனேன். மாமி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நோயின் பேரையும்.

"இதை ஏம்புள்ள எங்கிட்ட சொல்றே? மறைச்சிருக்கலாமே."

"நாளைக்குத் தெரிஞ்சா உங்க மவன் முன்னாடி நான் எப்படி மாமி நிப்பேன்?"

மாமி கையிலிருந்த மீனை ஆய்ந்து முடித்துச் சட்டியில் போட்டார். பிறகு சொன்னார்: "எங்கூடப் பொறந்த காக்காவுக்கும் இதேதான். ஊருக்கு ரத்தக் கொறைவுன்னோம். ஊரு நம்பணுமேன்னு அவரும் எந்திரிச்சுக் கடைக்குப் போயிக்கிட்டே இருந்தாரு. நாங்கதான் அவரைப் படுக்க விடல." கையைக் கழுவிவிட்டு வந்து, "உங்க வாப்பாவைப் படுக்கச் சொல்லு. அவரு வந்து கையைப் புடிச்சுக் குடுக்காம எம்மவன் நிக்காஹ் நடக்காது" என்றார். உள்ளேயிருந்து ஜாபர் இருமினார். அது சம்மத இருமல்தான், பயப்பட வேண்டாம்.

மைமூன்

ரங்கூன், ஆஸ்பத்திரி
1926 நவம்பர் 30

அருமை மகளுக்கு, சைதாவுக்கு என் ஸலாம் சொல். அவள் சொன்னபடி மழைக்காலம் முழுதும் படுத்தே கிடந்தேன். முட்டையைக் கண்டாலே கோழிமேல் கோபம் வருகிறது. ஆனாலும் என் ரத்தத்துளி அட்டையில் இரண்டு வரிசை மேலே ஏறிவிட்டது. சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டது. இரண்டு தடவை சளியைப் பார்த்தும் கிருமி காணவில்லை. இப்படியே இருந்தால் பங்குனியில் கப்பல் ஏறலாம் என்றார் டாக்டர்.

தனிப் படுக்கை, தனித் தட்டு எடுத்து வை. நாகப்பட்டினத்தில் இறங்கும்போது ஓடி வந்து கட்டிக்கொள்ளாதே. நிக்காஹ் அன்று ஜாபரின் கையைப் பிடித்து உன்னைக் கொடுத்துவிட்டு, காற்று வரும் வாசலோரம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது மகளே. கடைசியாக நான் கப்பல் ஏறியபோது உனக்கு ஒன்பது வயது, முன்பல் ஒன்று உடைந்திருந்தது, மஞ்சள் பாவாடை. அதற்குப் பிந்திய முகம்தான் என்னிடம் இல்லை. துறையில் கூட்டமாக இருக்கும். நீயே முதலில் கையை ஆட்டு.

உன் வாப்பா
பீர் முகைதீன்