எந்த இரண்டுக்கு இடையில்?

மார்ச் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ஆறு கலங்கல். கூரை ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு மூளை மங்கிவிட்டதாக எவரும் கண்டுபிடிக்கவில்லை. லெட்சுமி எங்கள் மூவார் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவது தவறு. நடந்தது இவ்வளவுதான். மனவியல் படிக்கும் ஷாலினி எங்கள் ஊர் முதியவர்களுக்கு ஞாபகச் சோதனை வைத்தாள். மூன்று குழு: தனியாக இருப்பவர்கள், பிள்ளைகளோடு இருப்பவர்கள், தினமும் முதியோர் பகல் மையத்துக்குப் போகிறவர்கள். நான் முதல் குழு. ஞாயிறன்று மண்டபத்தில் முடிவுகளைப் படம் போட்டுக் காட்டினாள். எங்கள் சராசரி எல்லாவற்றுக்கும் கீழே. "குழுக்களுக்குள்ள வித்தியாசம் இருக்கு" என்றாள். அதற்குள் சாப்பிட மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், வந்துவிட்டது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

இன்று மீன் கடையில் லெட்சுமி, எனக்குக் கேட்கும்படி:

"பாவம் டீச்சர். தனியா இருந்து இருந்து மண்டை காலியாவுதாம். யூனிவர்சிட்டியே சொல்லிருச்சு லா."

"உன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மண்டை இது."

"அதான் அவனுக்கு ஏறவே இல்லையே, டீச்சர்!"

கடையே சிரித்தது. மீன் வாங்காமல் வந்துவிட்டேன். கோபத்தில். மறதியில் அல்ல.

மார்ச் 5, வியாழன்

வெயில். கூரைக்காரன் வரவில்லை. பல் மருத்துவர், அடுத்த வாரம்.

கெலாங் பாத்தாவிலிருந்து மகன் ராஜன் போன். சிங்கப்பூர் வேலை முடிந்து பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதுதான் தாய் நினைவு வரும்.

"அம்மா, வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்க. வாங்க ஆள் ரெடியா இருக்கு."

"யாருப்பா உன்னை ஆள் பார்க்கச் சொன்னது?"

"ரிசர்ச்சே சொல்லுதும்மா. தனியா இருந்தா மெமரி போயிரும். எங்ககூட இருந்தா நல்லது."

"எந்தக் குழுவுக்கும் எந்தக் குழுவுக்கும் வித்தியாசம்னு கேட்டியா?"

"அலமாக்! இதுல என்னம்மா கணக்கு?"

இதில் கணக்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

என் கணவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. ராஜன் வீட்டில் எனக்குப் பின்னறை, துணி காயும் இடத்தை ஒட்டி. ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறேன். எல்லாரும் கிளம்பிய பிறகு என்னோடு பேசியது தொலைக்காட்சி மட்டும்.

மார்ச் 6, வெள்ளி

புழுக்கம். ஷாலினியைப் போனில் பிடித்தேன்.

"முதல்ல செஞ்சது அனோவா, டீச்சர். மூணு சராசரியையும் ஒண்ணா வச்சுப் பார்க்கும். எங்கேயோ வித்தியாசம் இருக்குன்னு சொல்லும். எங்கேன்னு சொல்லாது."

"எங்கேன்னு யார் சொல்றது?"

"அப்புறம் ரெண்டு ரெண்டா ஒப்பிடணும்."

"ஒப்பிட்டியா?"

"ஒப்பிட்டேன், டீச்சர். கடைசி ஸ்லைடு. மீ ஆறிப்போகும், போதும்மான்னு மண்டபத் தலைவர் சொல்லிட்டாரு."

மீ ஆறாமல் இருக்க என் வீடு போக வேண்டுமா?

இரண்டிரண்டாகப் பார்ப்பதிலும் ஒரு கண்டிப்பு உண்டாம். பல தடவை ஒப்பிட்டால் தற்செயலாகவே ஏதாவது வித்தியாசம் போலத் தெரியும். அதனால் அளவுகோலை இறுக்கிக்கொள்வார்களாம். சரிதான். கான்வென்டில் சிஸ்டர் மேசைகளைச் சோதிப்பார். திறக்கும் மேசை கூடக் கூட, ஏதாவது அகப்படும். அகப்பட்டதெல்லாம் குற்றமாகுமா?

கடைசி ஸ்லைடை அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்

கூரைக்காரன் வந்தான். பாதி வேலை. சேறு முழுவதும் கூடத்தில்.

ஸ்லைடு வந்தது.

தனியாக / பிள்ளைகளோடு: வித்தியாசம் தெரியவில்லை.
பிள்ளைகளோடு / பகல் மையம்: தெரியவில்லை.
தனியாக / பகல் மையம்: இருக்கிறது.

முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசி வரியை ஒரே தடவை. அந்த மையத்தைக் கைதட்டிப் பாட்டுப் பாடும் கூட்டம் என்று ஊரறியச் சொன்னவள் நான். அங்கே தினமும் போகிறவள் யார்? லெட்சுமி. என்னையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக் களைத்தவள்.

ஷாலினி சொன்னது: "வித்தியாசம் தெரியலன்னா ரெண்டும் சமம்னு அர்த்தம் இல்ல, டீச்சர். மையத்துக்குப் போறதாலதான் ஞாபகம் நல்லா இருக்குன்னும் சொல்ல முடியாது. ஞாபகம் நல்லா இருக்கிறவங்கதான் போறாங்களோ என்னவோ."

இதையும் எழுதி வைக்கிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டால் எனக்கும் ராஜனுக்கும் என்ன வித்தியாசம்?

மார்ச் 10, செவ்வாய்

மழை. கூரை மறுபடியும், இம்முறை வேறு இடத்தில். ராஜனுக்கு அனுப்பியதன் நகல்:

ராஜன், ஸ்லைடு இத்துடன். மூன்று வரிகளையும் படி. தனியாக இருக்கும் கிழவிக்கும் பிள்ளையோடு இருக்கும் கிழவிக்கும் வித்தியாசம் இருப்பதாக இந்தச் சோதனை காட்டவில்லை. இல்லை என்று நிரூபிக்கவும் இல்லை. காட்டிய வித்தியாசம் பகல் மையத்துக்குப் போகிறவர்களோடுதான். அந்த மையத்துக்கு நான் போவதும் போகாததும் என் பாடு. அது மூவாரில்தான் இருக்கிறது, வீட்டை விற்காமலே போகலாம். ஆகவே ஆராய்ச்சியை இனிக் காரணம் சொல்லாதே. உனக்கு வேண்டியது நானா, வீடா? எதுவானாலும் கோபிக்க மாட்டேன். போன் வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு.