கடலைப் பொட்டலமும் ஐந்தாம் கேள்வியும்

அடியே, சாம்பியன் ஸ்டேஷன் வருவதற்குள் படித்து முடித்துவிட்டேன்! நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உன் மகளைப் பார்த்துவிட்டு மாரிகுப்பத்தில் ரயிலேறினேன். நீ கண்மூடிய பிறகு அந்த வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. மனசு கனத்துத்தான் இருந்தது. வண்டிக்குள் அவித்த கடலை வாசனை வந்ததும் வாங்கிவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்தால், ஏதோ நுழைவுத் தேர்வுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்! ஓர் ஆங்கிலப் பத்தி, கீழே நான்கு கேள்விகள். கடலையை மடியில் கொட்டிவிட்டு ஈரத் தாளை நீவி நீவிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டுமே. எண்பதைத் தொடப்போகும் கிழவி எதற்கு ரயிலோடு பந்தயம் கட்டிப் படிக்கிறாள் என்று அவளுக்கு எங்கே தெரியும்?

பி.ஏ. முடித்துவிட்டு, நாம் இருவரும் தினமும் மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் போய், பங்காருப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர்களாக இருந்தோம். பெங்களூரில் எம்.ஏ. சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஆங்கிலத் தாள்தான் எமன். என் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: “பாஸானா படி. இல்லேன்னா தை மாசம் மாமனுக்குக் கழுத்த நீட்டு.” மாமன் நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் படிக்க வேண்டும். அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தேன். உன் அப்பாவோ, “எத்தினி வாட்டி வேணா எழுது” என்று விட்டுவிட்டார். இருந்தும் என் கெடுவை உன் கெடுவாக எடுத்துக்கொண்டு நீதான் அந்த ரயில் சட்டத்தைப் போட்டாய்.

மாரிகுப்பத்தில் வண்டி நகர்ந்தால் புத்தகம் திறக்க வேண்டும். சாம்பியனுக்குள் பத்தியைப் படித்தாக வேண்டும், உரிகத்துக்குள் விடை எழுதியாக வேண்டும். அங்கிருந்து கோரமண்டல் வரை, படித்ததை, பெட்டியில் கூடையோடு வரும் கடலைக்காரம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மிச்ச தூரம் முழுக்கச் சொற்கள். “அந்தம்மாவுக்குப் புரியலேன்னா உனக்கே புரியலேன்னு அர்த்தம்டி” என்பாய். எப்பேர்ப்பட்ட பரீட்சை அதிகாரி அவர்! திமிங்கிலம் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று நான் சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாம்மே சொல்ற? தண்ணீல கீறது பால் குடுக்குமா? நல்லா படிச்சியா நீ?”

நானே சந்தேகப்பட்டு மறுபடி படித்தேன். தங்கச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆட்களெல்லாம் எழுந்து உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். கரித்தூள் கண்ணில் விழ, நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கி, “ஊம், அடுத்தது! அடுத்தது!” என்று கத்துவாய். மனசில்லாமல் தயங்குவதைச் சொல்லும் ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லை நாம் ஒரு வாரம் உருப்போட்டதில் கடலைக்காரம்மாவுக்கும் அது பாடமாகிவிட்டது. “இந்த ஆளு காசு குடுக்க ரொம்ப ரிலக்டன்ட்டா கீறாரு!” என்று அவர் ஒருவரைக் கைகாட்ட, பெட்டியே அதிர்ந்தது. அந்த ஆறு மாதம்போல நான் என்றைக்குமே சிரித்ததில்லை.

தேர்வு நாளில் தாளைத் திருப்பினேன். சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய பத்தி! நம்ம ஊரு சமாச்சாரம்! எனக்குக் கைகால் பரபரத்தது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ முகம் சுளித்துக்கொண்டிருந்தாய். ஆழத்தில் வேலை செய்கிறவன் பழகிப் பழகி அச்சம் என்பதையே அறியாதவனாகிவிடுகிறான் என்று எழுதியிருந்தது. ஐந்தாம் கேள்வி: தொழிலாளியின் மனநிலை என்ன? நான் ரயில் வேகத்தில் எழுதினேன்: அவனுக்கு அச்சம் தெரியாது.

திரும்பி வரும் வண்டியில் கேட்டேன்: “அஞ்சாவதுக்கு இன்னா எழுதின?”

“எழுதன ஆளு தப்பா எழுதிகிறான்னு எழுதிட்டேன்.”

“அடிப்பாவி! எவ்ளோ?”

“ரெண்டு பக்கம். மீதி கேள்விக்கு நேரமே இல்ல.”

கீழே பாறை வெடித்தால் நம் தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரம் கடகடவென்று ஆடுமே, உன் அம்மா போட்டது போட்டபடி சுரங்க ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாரே, சுரங்கக் கூண்டில் இறங்கப்போகும் நாளில் உன் அப்பா டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாரே, அத்தனையும் எழுதியிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் முதுகில் நாலு வைத்தேன். “பத்தியில இருக்கறதத்தானே கேட்டாங்க, மூதேவி!”

“நீ எழுதனது சரிதான்டி. உனுக்கு சீட்டு வேணும். என்னால முடியல, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாய்.

பட்டியலில் என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. ஆனால் லைன் முழுக்கக் கூவிக்கொண்டு ஓடி வந்தது நீதான். “அத்தே, மாமனுக்கு வேற பொண்ணு பாருங்க!” என்று நீ வாசலில் போட்ட கூச்சலில் அம்மாவே சிரித்துவிட்டாள். அடுத்த வருஷம் உனக்குத் தேனீயைப் பற்றிய பத்தி வந்தது. “தேனீ மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல” என்று சொல்லிப் பாஸாகி, என் ஹாஸ்டல் அறை வாசலில் வந்து நின்று, “சீனியர் மேடம், கும்புடறேன்” என்றாய். உன்னைக் கட்டிக்கொண்டு குதித்ததில் என் மூக்குக் கண்ணாடி உடைந்தது.

ஒன்றை மட்டும் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் யோசிக்காமல் அந்த விடையை எழுதவில்லை, யோசித்தேன்.

என் அப்பா ஷிஃப்டுக்குப் புறப்பட்டால் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். “பீடிய மறந்து வெச்சுட்டேன்” என்பார். பீடிக் கட்டு சட்டைப்பையில் வெளியே தெரியும். உள்ளே வந்து எங்கள் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். தினமும் இது நடந்தது. எங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் சொல்ல மாட்டோம். தேர்வு அறையில் அந்தச் சட்டைப்பை என் கண்முன் வந்தது. வந்த பிறகுதான் அச்சம் தெரியாது என்று எழுதினேன். சீட்டு வேண்டும், எழுதினேன். அந்தப் படிப்புதான் எனக்குச் சோறு போட்டது; அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் உன் இரண்டு பக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது, அடி. இத்தனை வருஷமும்.

இன்று கோரமண்டல் தாண்டியதும் பேனாவைத் தேடி எடுத்தேன். கடலைத் தாளில் நான்கு கேள்விகள்தானே இருந்தன? அதற்குக் கீழே ஐந்து என்று எண் போட்டு எழுதினேன்: அவருக்குப் பயம் தெரியும். பீடி சட்டைப்பையிலேயே இருந்தது.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் முடித்துவிட்டேன், பார்த்துக்கொள்.