மச்சானுக்கு ஒரு மிதிபெட்டி

பெப்ரவரி 11, ஞாயிறு

லோஜினியின் நகப்பூச்சைத் திருடியது நான்தான். வீட்டில் விசாரணை நடக்கிறது. பெற்ற மகளோடு சேர்ந்து நானும் கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

செப்புத் தகட்டில் கோடு போட அதுதான் வேண்டும். பூச்சு இருக்கிற இடத்தை அமிலம் தின்னாது. எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்க்க என் கால் கட்டைவிரலில் கொஞ்சம் பூசினேன். அதை மறந்து நேற்று காலை பெரட்டுக்குச் செருப்போடு போய்விட்டேன். பெயர் வாசித்து வேலை பிரிக்கிற இடம், லேட்டானால் பெயரை வெட்டிவிடுவார்கள். எங்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா “அழகுமுத்து” என்று பெயர் வாசித்துவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சிவப்பு.

இதைச் சின்னராசாவிடம் சொல்லித்தான் சிரிப்பேன். இப்போது முடியாது. அதனால் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன்.

பெப்ரவரி 14, புதன்

என் வீட்டுக்காரி நாகலெட்சுமிக்கு ஒரே தம்பி சின்னராசா. தீபாவளிக்கு முன்னால் தேயிலை பெக்டரி ரோலரில் இடது கை மாட்டி, கடைசி இரண்டு விரலும் போயிற்று. அதிலிருந்து கிட்டார் ஆணியில் தொங்குகிறது. அவன் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே நாகலெட்சுமி சொல்லிவிட்டாள். “என் தம்பிகிட்ட ஒங்க கிண்டல வச்சிக்காதீங்க.” வைத்துக்கொள்ளவில்லை. போனால் “சாப்பிட்டியா” என்கிறேன். “ம்” என்கிறான். நாங்கள் இப்படிப் பேசினதே கிடையாது.

பங்குனியில் அம்மன் திருவிழா. ஹட்டனிலிருந்து வேறு கிட்டார்காரரைக் கூப்பிடலாமா என்று அவனுடைய பாட்டுக் கோஷ்டிக்காரர்கள் கேட்கிறார்கள். கூப்பிட்டுவிட்டால் அந்தக் கிட்டார் ஆணியை விட்டு இறங்காது. எனக்குத் தெரியும்.

போன வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கிட்டாரோடு சேர்த்துக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. ஒரு தந்தியைத் தட்டினால் போதும், சத்தம் உறுமிக்கொண்டு நீளமாக நிற்கிறது. அப்படியென்றால் விரல் ஓட வேண்டியதில்லை. இருக்கிற விரலே போதும்.

திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். வயரைப் பார்த்தால் பயமில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

கொட்டகலையில் ரேடியோ திருத்துகிற முத்துலிங்கம் தகடும் அமிலமும் தந்தான். சர்க்கியூட்டைத் தகரப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னான். பிளாஸ்டிக்கில் வைத்தால் ரேடியோ புகுந்துவிடுமாம்.

“எங்க லயத்து வீட்டுல போனே புடிக்காது தம்பி. சிக்னல் வேணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். ரேடியோ எங்க வரப்போகுது?” என்றேன்.

என் சாப்பாட்டுப் பெட்டி பிளாஸ்டிக்தான். அளவு கச்சிதம்.

பெப்ரவரி 25, ஞாயிறு

அமிலத்திலிருந்து தகடு அழகாக வந்தது. சாமான்களைப் பற்றவைத்துப் பேட்டரி கொடுத்தேன். மூச்சில்லை. அரை நாள் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வீடியோவில் இருந்த கோடு மேலிருந்து பார்க்கிற மாதிரி. நான் அதை அப்படியே அடிப்பக்கத்தில் வரைந்திருக்கிறேன். எல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கிறது.

அஞ்சாவதுகூட முடிக்காதவன் நீ, அழகுமுத்து — ஒனக்கு ஏன்டா இந்த வேல? விரல் போனவன் பேசாம இருக்கான். நீ எதுக்குக் கெடந்து துள்ளுற?

மார்ச் 3, ஞாயிறு

எல்லாவற்றையும் கழற்றினேன். கோடு இருக்கிற பக்கத்திலேயே சாமான்களை ஏற்றி மறுபடி பற்றவைத்தேன். மாறினது இன்னொரு தரம் மாறிச் சரியாகிவிட்டது. பார்க்க அசிங்கம். வயர் நுனியை விரலால் தொட்டதும் ஸ்பீக்கர் உறுமியது.

மார்ச் 10, ஞாயிறு

கொண்டுபோனேன். சின்னராசா பெட்டியைத் தொடவில்லை.

“எடுத்துட்டுப் போங்க மச்சான். ஹட்டன் ஆளே வாசிக்கட்டும்.”

கூரைத் தகரத்தில் மழை. நான் பெட்டியைத் துண்டில் சுற்றினேன். பிறகு அவனே, என்னைப் பார்க்காமல் பேசினான்.

“எல்லாரும் பாவம்னு பாக்குறாங்க, பரவால்ல. நீங்களும் கிண்டல நிறுத்திட்டீங்க பாருங்க. அப்பதான் மச்சான், எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுச்சு.”

இத்தனை நாளாக நான் என்ன செய்திருக்கிறேன்? நாகலெட்சுமி ஏசினால் ஏசட்டும்.

“அந்த ரெண்டு வெரலும் இருந்தப்பவே பெரட்டுக்கு லேட்டா வர்ற ஆளுங்கதானடா,” என்றேன். “பாட்டு முடிஞ்ச பொறகுதான் வந்து நிக்கும். பேர வெட்டுனதுல கோஷ்டிக்கு என்ன நட்டம்?”

என்னையே பார்த்தான். சிரிக்கவில்லை. “ஆணியில இருந்து அத எறக்குங்க” என்றான்.

மார்ச் 11, திங்கள்

கால்விரல் கதையைச் சொன்னேன். இன்னும் போகாத சிவப்பைக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரே சுரத்தை வாசிக்கிறான். தழும்பு வலிக்கிறது என்று நிறுத்துகிறான். மறுபடி எடுக்கிறான். மிதித்தால் அது லயத்து வீடுகள் முழுக்க நீண்டு போகிறது. நாகலெட்சுமி பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றாள். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை.

மார்ச் 30, சனி

திருவிழா. ஹட்டன்காரரைக் கூப்பிடவில்லை.

கோயில் மேட்டில் மேடை. மூன்றாவது பாட்டில் சின்னராசா பெட்டியை மிதித்து ஒரு சுரம் தட்டினான். அது நீண்டு நின்றது. காவடி எடுத்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சுரம் மெல்ல அடங்கியதும், அதே ஸ்பீக்கரில் ஓர் ஆள் சிங்களத்தில் செய்தி வாசித்தார். சின்னராசா காலை எடுக்க மறந்துவிட்டான். பூசாரி மணியை நிறுத்தினார். எல்லோரும் கடைசி வரை கேட்டோம். நுவரெலியா மாவட்டத்தில் மாலையில் மழை பெய்யக்கூடும் என்றார்.

பெய்தது.