நாடாவில் எழுதிய இரண்டு சொல்

2 யூலை 1976, வெள்ளி

ஷயர் சபைக்கு, அதாவது இந்த அவுஸ்திரேலியப் பட்டிக்காட்டின் ஊர்ச் சபைக்கு, கொடியும் சின்னமும் கீற வேண்டுமாம். ஆயிரத்து நூறு பேரும் அதைப்போலப் பத்து மடங்கு மாடுகளும் இருக்கிற ஊருக்குக் கொடி! சபையில் படம் கீறுகிற வேலைக்கு வந்து ஐந்து மாதம். நிரந்தரமா இல்லையா என்று ஓகஸ்டில் சொல்வார்கள். ஆகவே மறுபேச்சில்லை. ஒரு மாடு, கோதுமைக் கதிர், ஆறு, கீழே வாசகம் எழுத ஒரு நாடா. மாட்டுக்கு என்னையறியாமல் திமில் வந்துவிட்டது. இந்த ஊர் மாடுகளுக்கு ஏது திமில்? அழித்தேன்.

ஐந்து மணிக்கு நாடா மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்குப் புறப்படுகிற குஷியில் அதில் 'போட்டு வாறன்' என்று ஆங்கில எழுத்தில் பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன். திங்கள் அழிக்கலாம்.

5 யூலை

அழிக்கப் போனால் மேசையில் படமே இல்லை. என் மேலதிகாரி டாய்ல் சனிக்கிழமையே அதை எடுத்துப்போய்ச் சபைத் தலைவர் மக்கேயிடம் காட்டிவிட்டாராம். இருவருக்கும் வாசகம் மிகவும் பிடித்துவிட்டதாம். கருத்து என்ன என்று கேட்டார். போய்த் திரும்பி வருவேன் என்றேன். சின்னங்களில் வாசகம் லத்தீனில்தான் இருக்குமாம். அருமையான லத்தீன் என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. என்ன மொழி என்று அவர் கேட்கவில்லையே?

6 யூலை

இரவு என் கணவர் சிறியிடம் சொன்னேன். மனுசன் கதிரையில் இருந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "உன்ர லத்தீன் பிடிபட்டால் வேலை போயிடும், தெரியுமோ?" என்றார். தெரியும். அதுதானே நித்திரை வரவில்லை.

19 யூலை

சின்னத்தை முடிவுசெய்கிற வியாழக்கிழமைச் சபைக் கூட்டத்துக்கு ஊர்ப் பாதிரியாரும் வருகிறாராம். இருபது வருடம் லத்தீன் படிப்பித்தவராம்!

22 யூலை

பாதிரியார் படத்தை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். இது எந்த லத்தீன் என்று என்னைத்தான் கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இது தமிழ். எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். திரும்பி வருவதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

டாய்லின் காது சிவந்தது. ஓர் உறுப்பினர் உடனே அழிக்கச் சொன்னார். மக்கே படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருடைய இரண்டு மகன்களும் மெல்பேர்ணில். மூன்று கிறிஸ்மஸுக்கு வரவில்லை.

"என் பையன்கள் 'குட்பை' என்று மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். இது இருக்கட்டும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேருக்கும் முன்னால்!

9 ஓகஸ்ட்

வேலை நிரந்தரம். கடிதத்தின் தலையில் என் திமில் இல்லாத மாடு.

10 செப்டெம்பர், வெள்ளி

கொடி ஏறியது. காற்றுக்கு மாடு வயிறு நொந்ததுபோல நெளிந்தது. மக்கேயின் மூத்த மகன் வந்திருந்தான், ஒரே ஒரு நாளைக்கு. பின்னேரம் காரில் ஏறியவன் கண்ணாடியை இறக்கி, கொடியை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்து, தகப்பனிடம் "பொட்டு வரன்" என்றான்.

பொட்டு வைத்த மாப்பிள்ளை! திருத்தத்தான் வாயைத் திறந்தேன். மக்கேயின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.