மேலுதட்டில் தழும்புள்ள ஐயா

காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். பெருவின் மணல் பல்கனியெல்லாம் கொட்டுண்டது. கூட்டித் தள்ள மனம் வரவில்லை. உனக்குச் சொல்லாமல் இதை யாருக்குச் சொல்வது? போய்விட்டு வந்துவிட்டேனடி! ஐயாவின் ஊரைப் பார்த்துவிட்டேன்!

எந்த ஐயா என்று நீ கேட்கமாட்டாய். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறையில் இருந்துகொண்டு ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிய காலத்தில், ஒரு லீவு நாள் குளிருக்கு ஒதுங்க நூதனசாலைக்குள் நுழைந்தோமே, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவர். மனித முகமாகவே வனைந்த மண் குடுவை. நடுவயது, சரியான முறைப்பு, மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. "சம்பந்தம் பேசப் போன இடத்திலை தேத்தண்ணி குடுக்காத மாதிரியெல்லோ இருக்கிறார்" என்றாய். பிறகு, புதிதாய்க் காணும் எந்தத் தமிழரையும் கேட்பதுபோலக் குனிந்து அவரையும் விசாரித்தாய்: "ஐயா ஊரிலை எவடம்?" காவலாளி திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம். வடக்குப் பெரு என்று மட்டும் எழுதியிருந்தது. "ஒருநாளைக்குப் போய்ப் பாப்பம்" என்றாய்.

போகவில்லை. பிள்ளைகள், வேலை, வீடு. பிறகு உன் வருத்தம், ஆஸ்பத்திரி. நீ போனதிலிருந்து உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகம் மட்டுமே வந்தது. கன்னம் ஒட்டி, கண் பாதி மூடி. படங்களை எடுத்துப் பார்த்தும் பயனில்லை. கண்ணை மூடினால் மறுபடி அந்தக் கட்டில்தான். மற்ற முகங்களெல்லாம் தொலைந்தே போய்விட்டனவோ என்று பயந்துபோனேன்.

இந்த முறை மகள் டிக்கெட் போட்டாள். பாலைவனத்தில், ஐயாவின் ஆட்கள் சுடாத மண்கல்லால் கட்டிய கோயிலின் இடிபாடு. வெளியே பார்த்தால் வெறும் மண்மேடு. உள்ளே சுவரெல்லாம் சிவப்பும் மஞ்சளும்! பழைய கோயிலை மண்கல்லால் நிரப்பி மூடிவிட்டு அதன்மேல் புதிதைக் கட்டுவார்களாம். மூடிக் கிடந்ததால் நிறம் தப்பிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பிளீஸ், எல்லாரும் பாக்கினம்." பார்க்கட்டும்.

அடுத்த நாள் அங்குள்ள நூதனசாலை. தட்டுத் தட்டாக முகக் குடுவைகள். கால் கடுக்கத் தேடியும் ஐயாவின் முகத்தைக் காணவில்லை. களைத்துப்போய்த் திரும்பும்போது அந்தத் தழும்பு கண்ணில் பட்டது. ஆனால் முகம் ஒரு இளந்தாரியுடையது. வழவழத்த கன்னம், சிரிக்கப் போகிற வாய். அங்கே வேலைசெய்த பெண்ணிடம் மகள் விசாரித்துச் சொன்னாள்: "இந்தத் தழும்பு உள்ளதெல்லாம் ஒரே ஆள்தானாம் அம்மா. ஒவ்வொரு வயசிலையும் செய்து வச்சிருக்கினம்."

"ஐயா!" என்று கத்தியே விட்டேன். கண்ணாடியில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றபோது, சொல்லாமல் கொள்ளாமல் நீ வந்தாய். கட்டிலில் கிடந்தவள் அல்ல. யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டுக்குள் புதைந்து, மூக்குச் சிவந்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இளம்பெண். அங்கேயே அழுதேன். சந்தோசத்தில்தான்.

கட்டிலில் கிடந்தவளும் இன்னும் வருகிறாள். அவளும் நீதானே, வரட்டும். இப்போது நீ எந்த வயதிலும் வருகிறாய், சப்வேயில், கடை வரிசையில், அடுப்படியில். நேற்று நாற்பது வயதில் வந்து, என் கோழிக்கறிக்கு உப்புக் காணாது என்றாய். தொட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். காணாதுதான்.