பென்சில் எழுதிய பதில்

மாடுங்கா,
4-10-1943

ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. தேதி போட மறந்திருக்கிறாய், இனி கவனித்துக்கொள். இங்கே மழை விட்டுவிட்டது. ரேஷன் அரிசியில் பாதி கல். உன் அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் எழுத வேண்டும். உட்கார்ந்து படி.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்திரமௌலி வீட்டுக்குப் போய்வருகிறேன். ரிட்டயரான ஸயன்ஸ் வாத்தியார், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கிறார். அங்கே ஐந்து பேர் கூடி ஆவியுலகத்தைப் பற்றிப் படிக்கிறோம். மாந்திரீகம் என்று நினைக்காதே. எலுமிச்சம்பழமும் தாயத்தும் அங்கே நுழையாது. பிரார்த்தனை செய்துவிட்டு ஒருவர் பென்சிலைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு மீடியம் என்று பெயர். உடம்பு போன பிறகும் மனிதர்கள் தங்கள் அறிவோடும் பாசத்தோடும் இருக்கிறார்கள், சொல்ல விரும்புவதை மீடியத்தின் கையைக் கொண்டு எழுதுகிறார்கள் என்பது இவர்கள் பல வருஷம் பரீட்சித்துக் கண்டது. இதற்கு என் கையும் இசைகிறது என்று சந்திரமௌலியே சொன்னார்.

நேற்று என் கையில் சுந்தரம் வந்தான். எழுதியது இது: "அம்மா, ஆடி மாதம் ஜுரத்தில் போய்விட்டேன். இப்போது வலி இல்லை. செய்ய வேண்டியதைச் செய்து என்னை அனுப்பி வை. அவள் காத்திருக்க வேண்டாம்."

அவன் பட்டாளத்தோடு இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்து இருபது மாதமாயிற்று. ராணுவ ஆபீஸுக்கு எத்தனை மனுப் போட்டோம்? ஒரு வரி பதில் இல்லை. கடைசியில் அவனே என்னிடம் வந்து சொல்லிவிட்டான்.

மனதைத் திடப்படுத்திக்கொள்.

இப்படிக்கு,
விசாலாக்ஷி


கல்பாத்தி,
11-10-1943

அம்மாவுக்கு ராஜலக்ஷ்மி அநேக நமஸ்காரம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் பெயருக்கு முன்னால் சௌபாக்யவதி என்று போடாமல் நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. அதைப் பார்த்ததுமே பாக்கியைப் படிக்க மனம் வரவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, அப்புறம்தான் தர்ப்பையில் உருவம் செய்து கர்மா பண்ணுவது வழக்கம் என்றார். ஆனாலும், "சம்பந்தியம்மா பொய் சொல்லமாட்டா. அந்தக் குழந்தை அன்னம் தண்ணியில்லாம அலையறான்னா நாம பன்னெண்டு வருஷம் கைகட்டிண்டு உக்காந்திருக்கறதா?" என்று அழுதார்.

எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. அவர் கஷ்டப்படுகிறார் என்றால் நான் இந்தத் தாலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன அர்த்தம்?

அதனால் ஒன்று கேளுங்கள். கடைசியாகச் சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதத்தில், எனக்காக ஒரு சாமான் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். என்ன என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதை அவர் சொல்லட்டும். சொல்லிவிட்டால் நம்புகிறேன்.

தங்கள்,
ராஜலக்ஷ்மி


மாடுங்கா,
18-10-1943

ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

நேற்று உன் கேள்வியைச் சபையில் வைத்தோம். பென்சில் உடனே எழுதிற்று: "பச்சைக் குடை. பிடியில் வாத்துத் தலை."

சரியா என்று எழுது. நம்புவதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

விசாலாக்ஷி


கல்பாத்தி,
25-10-1943

அம்மாவுக்கு நமஸ்காரம்.

சரிதான். பச்சைக் குடைதான். வாத்துத் தலைதான்.

அப்பா வாத்தியாரை வரவழைத்துவிட்டார். நவம்பர் 4-ஆம் தேதி வியாழக்கிழமை தர்ப்பை உருவத்துக்குத் தகனம். 13-ஆம் தேதி பத்தாம் நாள். அன்றைக்கு எனக்கு நடக்க வேண்டியது நடக்கும். அக்காவும் அத்தையும் இப்போதே வந்துவிட்டார்கள். என்னைக் கண்ணாடி பார்க்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர் குடையை மறக்காமல் சொல்லியனுப்பினாரே, அது போதும். நான் அழவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

ராஜலக்ஷ்மி


மாடுங்கா,
31-10-1943

சௌபாக்யவதி ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

காலையில் உன் அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன்: "கர்மாவை நிறுத்தவும். செய்தி சந்தேகம்." காரணத்தைத் தந்தியில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இதில் எழுதுகிறேன்.

சென்ற வருஷம் ஜனவரியில் நீ உன் அக்கா பிரசவத்துக்குக் கல்பாத்தி போயிருந்தாய். அப்போது அந்தக் கடிதம் இங்கே வந்தது. உறையில் உன் பெயர் மட்டும். அந்த மாதம் எனக்கு அவன் எழுதவில்லை. ராணுவத் தணிக்கைக்காரர்கள் ஓரத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒரு சிப்பாய் படித்ததைப் பெற்றவள் படித்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சீட்டை ஈரத்துணியால் நனைத்து எடுத்தேன். படித்துவிட்டுத் திரும்ப ஒட்டி உனக்கு அனுப்பினேன். உனக்குச் சந்தேகம் வரவில்லை. சீட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது.

"பச்சைக் குடை, வாத்துத் தலைப் பிடி. இனிமேல் நீ மார்க்கெட்டுக்குப் போக அம்மாவிடம் குடை கேட்டு நிற்க வேண்டாம்" என்று எழுதியிருந்தான். நீ கேட்டு நின்றது அவனுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வரியை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

கான்வென்டில் எங்களுக்குப் படிப்பித்த மதர், பிறர் கடிதத்தைத் தொடுகிறவளைத் திருடியோடு சேர்த்துத்தான் சொல்வாள். என் பிள்ளைக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தேன்.

சபையில் ஒரு விதி உண்டு. எந்தப் பதில் வந்தாலும், மீடியத்துக்கு அது முன்பே தெரியுமா என்று கேட்க வேண்டும். மீடியத்தின் சொந்த ஞாபகமே ஆவியின் பேச்சைப் போல வெளியே வரும். மனதறிந்து செய்யாவிட்டாலும் வரும். அன்று பென்சிலைக் கீழே வைத்ததும் சந்திரமௌலி கேட்டார்: "மாமி, கோச்சுக்கப்படாது. இந்தக் குடை விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமோ?"

சுப்புலக்ஷ்மி என்று ஒருத்தி, சிரித்துக்கொண்டே, "போயும் போயும் மாமியைக் கேக்கறேளே! அவா பால்காரன் தப்பாக் குறைச்சுப் போட்ட கணக்கைக்கூடத் திருத்திக் குடுக்கறவா" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியாது" என்றேன்.

குடையைப் பற்றி எழுதும்போது என் கை தானாக ஓடிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஓட்டவில்லை. ஆனால் "தெரியாது" என்றது நான்தான்.

நேற்று உன் கடிதம் வந்தது. 13-ஆம் தேதி என்று எழுதியிருந்தாய். ஏழு வருஷத்துக்கு முன் உன் மாமனார் போன பத்தாம் நாள் எனக்கு என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு உன்னை நான் அனுப்பிவைக்கப் பார்த்தேன்.

இன்று போய்ச் சந்திரமௌலியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கர்மா பண்ணினாத்தான் போவேன்னு ஒரு ஆவி இத்தனை வருஷத்துல இங்க கேட்டதில்லை. அன்னிக்கே எனக்கு உறுத்தித்து. சுந்தரம் வந்தான்னும் சொல்ல முடியாது, வரலைன்னும் சொல்ல முடியாது. சாட்சி கெட்டுப்போச்சு. இனிமே பென்சிலை நீங்க தொடவேண்டாம்" என்றார்.

அவர்கள் சொல்லும் சாஸ்திரத்தில் குற்றமில்லை. கேட்டுச் சொல்ல வந்தவளிடம்தான் குற்றம். அவன் உன்னைத் தேடிப் போகாமல் என்னிடம் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். உயிரோடு வராவிட்டால் அப்படியாவது.

விசாலாக்ஷி


கல்பாத்தி,
7-11-1943

அம்மாவுக்கு நமஸ்காரம்.

தந்தி புதன்கிழமை வந்தது. தர்ப்பையெல்லாம் வந்து இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. கடிதம் வந்ததும் அப்பா காரணம் கேட்டார். பென்சில் எழுதியது உங்கள் பிள்ளையின் கையெழுத்தில்லை என்று சபையில் இப்போது சந்தேகப்படுகிறார்களாம் என்று சொல்லி, கடிதத்தை அடுப்பில் போட்டேன். உங்கள் பெயர் இங்கே கெடவில்லை. "பாத்தியா, சம்பந்தியம்மா எத்தனை ஜாக்கிரதை" என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடன் பதினோரு மாதம் மாடுங்காவில் உங்கள் வீட்டில் இருந்தேன். இரண்டு அறை. நாங்கள் தனியாகப் பேசிய பேச்சு மொத்தம் ஒரு மணி நேரம் இருக்காது. எங்களுக்கென்று இருந்தது அந்த ஒரு கடிதம். அதையும் நீங்கள் எனக்கு முன்னால் படித்துவிட்டீர்கள்.

அவர் இருக்கிறாரா இல்லையா என்று பென்சிலுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நான் காத்திருக்கப் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும், வேண்டும் என்றாலும்.

இனி எனக்கு உறையில் எழுத வேண்டாம். எழுதினால் கார்டில் எழுதுங்கள். நமக்குள் மூடி அனுப்ப ஒன்றும் பாக்கியில்லை.

ராஜலக்ஷ்மி


கார்டு
மாடுங்கா,
14-11-1943

சௌபாக்யவதி ராஜலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

உன் அப்பாவும் அத்தையும் உனக்கு முன்னால் இதைப் படிப்பார்கள். அவர்களும் படிக்கவே எழுதுகிறேன். சென்ற வருஷம் என் பிள்ளை உனக்கு எழுதிய கடிதத்தை நான் பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டி அனுப்பினேன். அதில் பார்த்தது ஆவியின் பதிலாக வந்தது. முன்பே தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். இதை இன்று சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ எனக்காக உன் அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டாம்.

சுந்தரத்தைப் பற்றி எது தெரிந்தாலும் முதலில் உனக்குத்தான் தெரிய வேண்டும் என்று ராணுவ ஆபீஸுக்கு உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

இதைத் தபால் பெட்டியில் போடப்போவதில்லை. கவுண்டரில் கொடுப்பேன். போஸ்ட்மாஸ்டர் நம் ஊர்க்காரர். படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்.

விசாலாக்ஷி