தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது

அக்கா,

நீ பாலக்காட்டிலிருந்து வந்து சேரும்போது நான் எர்ணாகுளத்தில் ஆபீசில் இருப்பேன். ரமணி பள்ளிக்கூடம் போயிருப்பாள். சாதமும் ரசமும் அடுப்பு மேடையில் இருக்கின்றன. ரசத்தில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

முதலில் மீன் தொட்டியைப் பார். அரிசி களைந்த நீர்போல் கிடந்தது இன்று தெளிந்துவிட்டது. பின்சுவர்க் காலண்டரில் தேதியைத் தொட்டி வழியாகவே படித்தேன். ஐந்து மீன்களும் சுகம்.

இனித் தண்ணீரை மாற்றாதே. புதுத் தொட்டி கலங்கத்தான் செய்யும். விட்டால் தானே தெளியும். நீ மாற்ற மாற்றத் திரும்பவும் கலங்கியது. கோவில் குளத்தில் மீனூட்டுச் செய்வதுபோல ஜெயத்தின் பேரில் தினம் ஒரு பிடி சோறும் போட்டாயாம். நீ ஊருக்குப் போனபின் ரமணி சொன்னாள். எனக்குக் கோபமில்லை. அந்தப் பிடியைக் குளத்திலேயே போடு. இங்கே ஒரு சிட்டிகை பொரி போதும்.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் சார் தொட்டியைப் பார்க்க வருகிறார். காப்பி கொடு. கண்ணாடி அறுத்தது முதல் எல்லாம் என் கைவேலை என்று சொல். மூன்று வாரமாக ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்பதையும் மறக்காமல் சொல்.

நீலு

பி.கு. அன்று ஊருக்குப் போகப் படியிறங்கும்போது, "ஆம்படையா போய் எட்டு மாசமாச்சு, ஒரு சொட்டுக் கண்ணு ஜலம் விட்டயோடா? மீனுக்கு வீடு கெட்டறான்!" என்றாய். தொட்டி வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டவள் ஜெயம்தான்.